கல்லீரல் சாவுகளுக்குப் பின்னால் ஒரு வைரஸ்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய், திரும்பி வந்து, "தம்பி, ஒன்னு கேக்கலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸைப் பற்றி அவர்கள் கேட்டவையும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்டவையும்தான் இங்கே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவினால் போதும்.

பெரிய நகரத்தில் யாரோ கல்லீரல் கெட்டு இறப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

அந்த "யாரோ"வில் நம் ஊர்க்காரரும் இருக்கிறார். கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டால் நோயாளியை மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ கொண்டு ஓடுகிறோம். அங்கே உயிர் பிரிந்தால் அந்த இறப்பு அங்கேதான் பதிவாகும். இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில் பதிய வேண்டும் என்பதுதான் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறை. ஆக, பள்ளத்தூரில் பிறந்து, பள்ளத்தூரிலேயே வாழ்ந்து, கிருமியும் அங்கேயே தொற்றிய ஒருவர் சென்னைக் கணக்கில் ஒரு சாவாகிவிடுகிறார். நகரத்தின் எண்ணிக்கை கூடித் தெரிகிறது, நம் ஊர் எண்ணிக்கை குறைந்து தெரிகிறது. "நம்ம பக்கம் அந்த வியாதியெல்லாம் இல்லப்பா" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். இல்லாமல் இல்லை. வேறு ஊர் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

ஹெபடைட்டிஸ் என்றால் மஞ்சள் காமாலைதானே?

மஞ்சள் காமாலை ஒரு அறிகுறி. கண்ணும் மூத்திரமும் மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் உண்டு. பித்தப்பைக் கல்லாலும் வரும், மருந்து ஒத்துக்கொள்ளாமலும் வரும். கல்லீரலைப் பிடிக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்களில் ஐந்து முக்கியமானவை: ஏ, பி, சி, டி, இ. ஏ-யும் இ-யும் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாக வரும். பி தாயிடமிருந்து பிள்ளைக்கும் உடலுறவு மூலமும் வரும். டி, பி இருப்பவரை மட்டுமே தொற்றும்.

உயிரை எடுப்பதில் பெரும்பங்கு பி-க்கும் சி-க்கும்தான். அவை இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் காமாலையைக் காட்டுவதே இல்லை. நாம் மஞ்சளைப் பார்த்துப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது வருடக்கணக்கில் நிறம் காட்டாமல் இருப்பதற்கு.

இந்தச் சாவுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

உலக அளவில் கூடியிருக்கின்றன. 2019-ல் வைரஸ் ஹெபடைட்டிஸால் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர்; 2022-ல் சுமார் 13 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் 83 சதவீதம் பி-யால், 17 சதவீதம் சி-யால். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,500 பேர். அதே அறிக்கையின்படி இந்தியாவில் 2022-ல் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம், சி-யோடு வாழ்ந்தவர்கள் 55 லட்சம்.

இந்தச் சாவுகளை 2015-ல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் 65 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. இலக்கு ஒரு பக்கம் போக, எண்ணிக்கை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? அப்புறம் ஏன் சாவு குறையவில்லை?

இந்தக் கேள்வியை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி.

இன்று 55 வயதில் கல்லீரல் சுருங்கி இறக்கும் ஒருவருக்கு அந்தக் கிருமி 1970-களிலோ 80-களிலோ உள்ளே போயிருக்கலாம். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம். கண்ணாடி சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் அடுத்தடுத்த ஆளுக்குப் போட்ட காலத்தில் வந்திருக்கலாம். பரிசோதிக்காத ரத்தத்தில் வந்திருக்கலாம். பச்சைக் குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு அது நாள்பட்டுத் தங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். சி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 வருடத்துக்குள் கல்லீரல் சுருக்கம் வருகிறது.

இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் 2002 வாக்கில் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் தொடங்கினார்கள். நாடு முழுக்கப் போனது 2011-ல். அதே வருடம் டிசம்பரில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987-லேயே போட ஆரம்பித்துவிட்டார்கள், மலேசியாவில் 1989-ல். அதாவது, ஒரே வளவில் பிறந்த அண்ணன் தம்பிகளில், கடல் கடந்து போனவருடைய பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே காப்பு கிடைத்தது. ஊரில் இருந்தவருடைய பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 30, 40 வயது.

தடுப்பூசி இன்றைய குழந்தையை நாற்பது வருடம் கழித்து வரக்கூடிய சாவிலிருந்து காப்பாற்றுகிறது. இன்றைய பெரியவரைக் காப்பாற்ற வேண்டுமானால் பரிசோதனையும் மாத்திரையும்தான் வழி.

எங்கேயாவது உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. தைவானில் 1984-ல் தடுப்பூசி தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் 1981-86-ல் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94-ல் 0.36. ஒரு தடுப்பூசியால் ஒரு புற்றுநோயையே குறைக்க முடியும் என்று அப்போதுதான் உலகம் பார்த்தது.

அமெரிக்காவில் 2007-ல் ஹெபடைட்டிஸ் சி-யால் இறந்தவர்கள் எச்.ஐ.வி-யால் இறந்தவர்களைவிட அதிகமானார்கள். அது 2014-ல் 19,000-ஐத் தாண்டி உச்சத்துக்குப் போனது. சி-யைக் குணப்படுத்தும் புது மாத்திரைகள் 2013 கடைசியில் அங்கே வந்தன. அப்புறம்தான் அந்தக் கோடு கீழே திரும்பியது.

எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது எகிப்தின் கதை. அங்கே நத்தையால் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க 1950-களிலிருந்து 80-கள் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் சி வைரஸ் லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்விட்டது. ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்று வந்துவிட்டது. அதே நாடு 2018-19-ல் ஏறக்குறைய ஐந்து கோடி பேருக்குப் பரிசோதனை செய்து, கண்டுபிடித்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. பணக்கார நாடு அல்ல அது. தெருத் தெருவாகப் போய்ச் சோதித்தார்கள், அவ்வளவுதான்.

இறப்புச் சான்றிதழில் ஹெபடைட்டிஸ் என்று எழுதுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். இதை என் குடும்பக் கதையாகவே சொல்கிறேன்.

என் தாய்மாமா கண்டனூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வெற்றிலை பாக்குகூடப் போடாதவர். 2008-ல் வயிறு வீங்கி, கால் வீங்கி, ஒரு நாள் இரவு ரத்த வாந்தி எடுத்தார். சென்னைக்குக் கொண்டு போனோம். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் காரணம் என்று எழுதியிருந்தது "இதயமும் சுவாசமும் நின்றது" என்பது மட்டும்.

சாகும்போது எல்லோருக்கும் இதயம் நிற்கும். அது சாவின் அடையாளம், காரணம் ஆகாது. அந்தப் படிவத்திலேயே வரிசை உண்டு: உடனடிக் காரணம் என்ன, அது எதனால் வந்தது, அதற்கும் அடியில் இருப்பது என்ன. மாமாவுக்குச் சரியாக எழுதியிருந்தால் ரத்த வாந்தி, அதற்குக் கீழே கல்லீரல் சுருக்கம், அதற்குக் கீழே நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்று மூன்று வரி வந்திருக்கும்.

அந்த மூன்றாவது வரி இருப்பது எங்களுக்கு 2014-ல்தான் தெரிந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அத்தை பழைய பெட்டியைக் காலி செய்தார்கள். அதில் ஒரு மடித்த சீட்டு: "ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ்." ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது என்று பொருள். மாமா அதை யாரிடமும் காட்டவில்லை, பொருள் புரியாமல்கூட வைத்திருக்கலாம். மறுநாளே அத்தைக்கும் மாமா பிள்ளைகள் மூன்று பேருக்கும் நானே ரத்தம் எடுத்தேன். மூத்தவனுக்கு பாசிட்டிவ். கல்லீரல் ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருந்தது. இன்று மாத்திரையில் நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஆறு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வரி எழுதாததால் ஒரு குடும்பம் ஆறு வருடம் தெரியாமல் இருந்தது.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் அல்ல. 2020-ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். பெரிய வீட்டில் தனியாக இருந்து, உறக்கத்திலேயே போய்விட்ட ஐயாவுக்கும் ஆயாவுக்கும் என்ன வந்தது என்று யார் எழுதுகிறார்கள்? "வயசாச்சு" என்பதோடு முடிந்துவிடுகிறது. சி வைரஸ் இருந்து கல்லீரல் புற்றுநோய் வந்தால் "புற்றுநோய்" என்று மட்டும் பதிவாகிறது.

வீட்டில் யாராவது கல்லீரல் நோயால் இறந்தால், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இவருக்கு பி, சி சோதித்தீர்களா? ரிசல்ட் என்ன? அதையும் எழுதுவீர்களா?" துக்கத்தில் இருக்கும்போது கேட்பது கஷ்டம்தான். பிள்ளைகளுக்காகக் கேட்க வேண்டும்.

செய்தியில் "நகரத்தில் கல்லீரல் சாவுகள் அதிகரிப்பு" என்று வந்தால் எப்படிப் படிப்பது?

முதலில் அது மொத்த எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதமா என்று பாருங்கள். ஜனத்தொகை பெருகும் நகரத்தில் மொத்த எண்ணிக்கை தானாகவே கூடும். அடுத்தது வயது. முதியவர்கள் அதிகமான நகரத்தில் சாவும் அதிகம் இருக்கும். அதனால் வயதைச் சமன் செய்து ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இறந்தவர்கள் அந்த நகரத்தில் குடியிருந்தவர்களா, சிகிச்சைக்கு வந்தவர்களா என்பது மூன்றாவது. இன்னொன்றும் உண்டு: பரிசோதனை பெருகினால் முன்பு "காரணம் தெரியாத கல்லீரல் நோய்" என்று போனவை இப்போது பெயரோடு பதிவாகும். அப்போது எண் கூடினால் அது நோய் கூடியது ஆகாது, கண் திறந்தது.

குடிக்காதவருக்கு எப்படிக் கல்லீரல் கெடும்?

வைரஸுக்குக் குடி தேவையில்லை. கல்லீரல் போனது என்றாலே "தண்ணி போட்டிருப்பார்" என்று ஊர் பேசிவிடுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து ரிப்போர்ட்டை மறைத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கிருமி இருப்பவர் குடித்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கெடும் என்பதும் உண்மை.

1982-ல் படப்பிடிப்பில் அடிபட்ட அமிதாப் பச்சனுக்கு ஏராளமானவர்கள் கொடுத்த ரத்தம் ஏற்றப்பட்டது. அதன் வழியாக ஹெபடைட்டிஸ் பி வந்ததும், பல வருடம் கழித்துக் கல்லீரலில் முக்கால் பங்கு கெட்டபிறகே அது தெரிந்ததும் அவரே வெளிப்படையாகச் சொன்னவை. அதைச் சொல்லவே அவர் 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தூதராகவும் ஆனார்.

ரிப்போர்ட்டில் "பி பாசிட்டிவ்" என்று இருக்கிறது. இது ரத்த வகையா, வியாதியா?

இந்தக் குழப்பத்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ரத்த வகை பி பாசிட்டிவ் என்று இருந்ததைப் பார்த்து அழுதுகொண்டு வந்த கர்ப்பிணிப் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். "என் பிளட் குரூப்தானே" என்று வியாதியை விட்டுவிட்டவரையும் பார்த்திருக்கிறேன். வியாதிக்கான சோதனையின் பெயர் "ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி." பழைய ரிப்போர்ட்டுகளில் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று இருக்கும், பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் அதை முதலில் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில் கண்டதால் வந்த பெயர். அவருக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைட்டிஸ் நாள்.

வளைகுடா மெடிக்கலில் "அன்ஃபிட்" என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

நம் மாவட்டத்துப் பையன்கள் பலருக்குத் தங்களிடம் பி-யோ சி-யோ இருப்பது தெரிய வருவதே இங்கேதான். விசா போச்சே என்ற துக்கத்தில் வியாதி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்ட் வேறு மெடிக்கல் பார்க்கலாம் என்கிறார், கடன் கழுத்தை நெரிக்கிறது. தம்பி, உனக்குச் சொல்வது இதுதான்: அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதே. 25 வயதில் தெரிந்தது உனக்கு நல்லது. அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போ. சி என்றால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் முழுக்கக் குணமாகிவிடலாம். ஒன்று நினைவில் வை: சி குணமான பிறகும் சாதாரண ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் என்றுதான் காட்டும். கிருமி போய்விட்டதைச் சொல்வது "ஆர்.என்.ஏ." சோதனை. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.

மருந்து என்ன, செலவு எவ்வளவு?

சி-க்கு மாத்திரை உண்டு. சோஃபோஸ்புவிரோடு இன்னொரு மாத்திரை சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். அந்த மாத்திரை அமெரிக்காவில் வந்த புதிதில் 12 வாரத்துக்கு 84,000 டாலர். இந்தியாவில் 2015-லிருந்து அதே மருந்தை நம் கம்பெனிகளே மிகக் குறைந்த விலைக்குச் செய்கின்றன. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே கிடைக்கும் என்று 104-க்குப் போன் செய்து கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்.

பி-யை முழுக்கத் துடைக்க இன்னும் மருந்து இல்லை. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். எல்லோருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை; டாக்டர் ரத்தத்தையும் ஸ்கேனையும் பார்த்து முடிவு செய்வார். ஆரம்பித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். "ஒன்னும் செய்யல, நல்லாத்தான் இருக்கு" என்று நிறுத்தி, திடீரென்று கிருமி கிளம்பி ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. கல்லீரல் சுருங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்தால் புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம்.

கீழாநெல்லி போதாதா?

இதை மரியாதையோடு பேச வேண்டும். ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்த்ததே நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், அதே பிளம்பர்க்கோடு சேர்ந்து, 1988-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி தங்கியிருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆயா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியால் மஞ்சள் காமாலை போனது உண்மைதானே என்றால், ஏ-யும் இ-யும் பெரும்பாலும் தானாகவே போகக்கூடியவை. பத்தியமும் ஓய்வும் இருக்கையில் அவை போயின. நாள்பட்டுத் தங்கிவிட்ட பி-யும் சி-யும் அப்படிப் போகா. கீழாநெல்லியை நம்பி ஒரு வருடம் காத்திருந்து, அப்புறம் வயிறு வீங்கி வந்தவர்களைப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீரால் வருவது சாதாரணம் என்றால் அதில் சாவே இல்லையா?

உண்டு. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைட்டிஸ் இ வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை இறக்கக்கூடும். 1955 கடைசியில் டெல்லியில் யமுனையில் சாக்கடை கலந்து, குடிநீர் எடுக்கும் இடம் வரை ஏறி, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது இ வைரஸ் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஊருணித் தண்ணீரைக் காவல் போட்டுக் காத்த ஊர்கள் நம்முடையவை. கூரை மழையைப் பித்தளை அண்டாவில் பிடித்துக் குடித்தவர்கள் நாம். இப்போது குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் வழியில் கிடைக்கும் எல்லாத் தண்ணீரையும் குடிக்க வேண்டாம். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டிலேயே கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் கொடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் தட்டு, டம்ளர் பிரித்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் வராது, தொட்டால் வராது. தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஷேவிங் பிளேடு, பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொண்டு, கிருமி இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். தாய்க்கு பி இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். அதோடு உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் டாக்டர் சொல்வார். ஒரு மருமகளைத் தனித் தட்டில் சாப்பிட வைத்த வீடு எனக்குத் தெரியும். அவள் இரண்டு வருடம் அப்படிச் சாப்பிட்டாள். அவளுடைய கணவனை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

யாரெல்லாம் சோதித்துக்கொள்ள வேண்டும்?

என்னைக் கேட்டால் தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்த பெரியவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவை. கட்டாயம் என்றால்: 2000-த்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், குடும்பத்தில் கல்லீரல் நோயால் யாரையாவது இழந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள்.

டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. காபி குடித்துவிட்டே போகலாம். கொஞ்சம் ரத்தம்தான் எடுப்பார்கள். சாதாரணமாக அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். பி, சி இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.